சாய்க்காத குடுவை

நாள் 212. காலை 07.10
ஆக்சிஜன் இருபத்தொரு சதவீதம். உள்வெப்பம் பத்தொன்பது. மின்கலம் சரி.
செவ்வாய் நிலையத்தில் இப்போது நான் மட்டும்: ஆவுடையம்மாள், நுண்ணுயிரியலாளர். கணவர் நம்பிராஜன் ஆறு நாளுக்கு முன் இறந்தார். சூரியப் புயலில் பட்ட கதிர்வீச்சு அவர் ரத்தத்தைக் கெடுத்திருந்தது. அதன்மேல் நுரையீரலில் பூஞ்சை. அதே பச்சைப் பூஞ்சை, உயிர் வளருமா என்று பார்க்க இங்குள்ள பனியை உருக்கி வைத்த சத்துநீரிலும் படர்ந்திருக்கிறது. அது பூமியிலிருந்து வந்ததா என்று காட்டக்கூடிய மரபணுக் கருவி புயலிலேயே போய்விட்டது.

நாள் 213. மாலை 16.40
சுற்றுப்பாதைக் கப்பலிலிருந்து மருத்துவர் ரெஜினா:
“ஆவுடக்கா, நம்ம சாமானெல்லாம் கிருமி சாகட்டும்னு சூட்டுல போட்டுத்தான அனுப்புனோம். பொறவு பூஞ்சை எங்கேருந்து வரும்? அங்கயே தானா உண்டானதுன்னுதான் எல்லாரும் சொல்லுதாவ. உறுதியாச்சுன்னா அதுக்கு நம்பி அண்ணன் பேரத்தான் வைப்பாவளாம். ஒரு சோதன மட்டும் செஞ்சு சொல்லுங்க.”
கேட்டுவிட்டு அழுதேன். தானாக உண்டானது என்றால் யார்மேலும் குற்றமில்லை.

நாள் 214. காலை 09.30
பூமியில் எப்போதோ தீர்ந்துபோன வழக்கு இது. இறைச்சி தானாகவே புழுவைப் பெறும் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஜாடியைத் துணியால் மூடினார். ஈ உட்காரவில்லை, புழுவும் வரவில்லை. பிற்பாடு இன்னொருவர் சத்துநீரைக் காய்ச்சிக் குடுவையின் கழுத்தை வளைத்துவிட்டார். காற்று உள்ளே போகும், தூசி வளைவிலேயே தங்கிவிடும். நீர் கெடவில்லை. உயிர் உயிரிலிருந்துதான் வரும் என்று முடிவாயிற்று.
அப்படி ஒரு குடுவை என்னிடமும் இருக்கிறது. நம்பி பொழுதுபோகாமல் வளைத்தது, கழுத்து கொஞ்சம் கோணல். அதிலும் ஒரு திறந்த குடுவையிலும் ஒரே பனிச் சத்துநீரை ஊற்றி, இரண்டையும் குக்கரில் வைத்து எடுத்தேன்.
வளைந்த குடுவையும் கலங்க வேண்டும்; அப்போதுதான் தானாக உண்டானது என்றாகும். ஆய்வு செய்கிறவள் இப்படி ஒரு பக்கமாக வேண்டிக்கொள்ளக் கூடாது. வேண்டிக்கொள்கிறேன்.

நாள் 218. காலை 08.00
திறந்தது கலங்கிவிட்டது. பச்சை. வளைந்தது தெளிவு.

நாள் 224. காலை 08.00
வளைந்தது தெளிவு. பத்து நாளாயிற்று.
பனிநீரில் தானாக எதுவும் உண்டாகவில்லை. அறைத் தூசியில்தான் இருக்கிறது. சூட்டில் போடாத ஏதோ ஒன்றிலிருந்து வந்த தூசி. அது என்னவென்று எனக்குத் தெரியும்.

நாள் 225. காலை 11.20
பிடிமண்.
எங்கள் பக்கத்தில் வேறு ஊருக்குக் குடிபோகிறவர்கள் குலதெய்வக் கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப்போவார்கள். போன இடத்தில் அதை வைத்துச் சாமியை இருத்துவார்கள். நானும் சாஸ்தா கோயிலில் எடுத்து, மாத்திரை டப்பாவில் மறைத்துக் கொண்டுவந்தேன். சூட்டில் போட்டால் சாமி தங்காது என்று நினைத்தேன், இத்தனை வருடம் நுண்ணுயிரியல் படித்தவள். சாஸ்தாவுக்கு விசா எடுத்தாயா என்று நம்பி கேலி செய்தார்.
புயலுக்குப் பிறகு அவர் படுத்ததும், தினம் காலையில் அந்த மண்ணை நெற்றியில் பூசினேன். உதிர்ந்து மூக்கில் விழும். தும்முவார். மறுநாளும் நெற்றியைக் காட்டுவார். பன்னிரண்டு நாள்.
டப்பாவிலிருந்து ஒரு துகளைச் சத்துநீரில் போட்டிருக்கிறேன்.

நாள் 228. காலை 10.15
அதே பச்சை. நுண்ணோக்கியிலும் அதே இழை.
ரெஜினா:
“வெள்ளிக்கிழம பேர அறிவிக்காவளாம். அண்ணனோட அம்மா ஊரெல்லாம் சொல்லிட்டாவ. குடுவ கலங்கிட்டா, அக்கா?”
குடுவையை ஒரு தடவை சாய்த்தால் போதும். நீர் வளைவிலுள்ள தூசியைத் தொட்டுத் திரும்பும், வெள்ளிக்குள் கலங்கிவிடும். அவர் பெயர் நிலைக்கும். அத்தை சந்தோஷமாக இருப்பாள். யாருக்கும் தெரியாது.
கையில் எடுத்தேன். வைத்துவிட்டேன்.

நாள் 229. காலை 06.50
அனுப்பிய செய்தி:
“ரெஜினா, குடுவ கலங்கல. இங்க தானா எதுவும் உண்டாகல. நான் கொண்டாந்த கோயில் மண்ணுதான். அவருக்குப் பூசுனதும் நான்தான். அத்தைட்ட நீ சொல்லாத. நானே சொல்லுதேன்.”

காலை 07.50
உடனே பதில் வரும் தூரம்தான். ஒரு மணி நேரமாகிவிட்டது.
அத்தைக்கு மூன்று தடவை பேசிப் பதிந்தேன். மூன்றையும் அழித்துவிட்டேன்.
ஆக்சிஜன் சரி. வெப்பம் பார்க்கவில்லை.
குடுவை தெளிவாக இருக்கிறது நம்பி. நீங்கள் வளைத்த கழுத்து ஒரு தூசியைக்கூட உள்ளே விடவில்லை. நான்தான்