இன்னைக்கு என்ன சமையல்?

அன்புள்ள அக்கா,

போனில் அவசரமாகத் தட்டி அனுப்புகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

மாலை வேலை முடிந்து வந்தால் வீடு திறந்து கிடக்கிறது, கதவுப் பூட்டு பெயர்ந்து தரையில். எதிர்வீட்டுத் தச்சர் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். "புகை வந்துச்சும்மா. நீங்க உள்ள மாட்டிக்கிட்டீங்களோன்னு நான்தான் உடைச்சுப் போய்த் தீய அணைச்சேன்" என்றார். காலையில் முட்டை வேகப்போட்ட பாத்திரம் கரிக்கட்டையாக இருந்தது. அடுப்பும் அலமாரியும் எரிந்துபோயிருந்தன.

தனியாக வந்த நாளிலிருந்து இப்படி ஒருமுறைகூட நடந்ததில்லை. என் மறதிக்கும் கவனச்சிதறலுக்கும் காரணம் ஏடிஹெச்டி என்று டாக்டர் சொன்ன பிறகும், "பாரு, தனியாவே சமாளிக்கிறேன்" என்று உன்னிடம் பீற்றிக்கொண்டேனே.

தினமும் நான் கிளம்பும் நேரம் பார்த்துக் கூப்பிடுவாய். "சும்மாதான்டி. இன்னைக்கு என்ன சமையல்?" என்பாய். என்ன வைத்தேன் என்பதே எனக்கு மறந்திருக்கும். சமையலறைக்குப் போய் அடுப்பைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். நேற்று எரிச்சலில், "உனக்கு வேற வேலையே இல்லையா, இனிமே கூப்பிடாதே" என்று கத்தினேன்.

இன்று நீ கூப்பிடவில்லை.

ஒரு நாளும் நீ சும்மா கூப்பிட்டதில்லை என்பது, அந்தக் கரியைப் பார்த்து நின்றபோதுதான் உறைத்தது.

நாளைக் காலை கூப்பிடுவாயா? சமையல் ஒன்றும் இருக்காது, அடுப்பே இல்லை. இருந்தாலும் கேள்.

உன் தங்கை