கல்யாண சிடியும் பரண் கம்ப்யூட்டரும்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மகள் கவிப்பிரியாவின் கல்யாணத்துக்கு எனக்கு லீவு கிடைக்காது என்று அப்போதே அடித்துச் சொன்ன தம்பி வீராசாமி வணக்கத்துடன் எழுதுவது. உன் முழங்கால் வலி தேவலையா? அத்தானின் இருமல் நின்றதா? நான் அம்பத்தூரில் ராஜா மாதிரி இருக்கிறேன். நான் லேத்தை விட்டு நகர்ந்தால் கம்பெனியே படுத்துவிடும் என்று முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் என்ன செய்வேன்?

நீ அனுப்பிய கல்யாண சிடி வந்தது. அதைப் பார்ப்பதற்காக, வீட்டுக்காரர் ஜெகதீசன் பரணில் போட்டிருந்த பழைய கம்ப்யூட்டரைத் தூக்கி வந்தேன். ஸ்விட்சைப் போட்டால், சோறு வடித்து இறக்கிய பிறகும் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்குத் தெரியாத மெஷினா? மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த ஃபேனுக்கு லேத் எண்ணெய் விட்டு, சூடமும் காட்டினேன்.

ஜெகதீசன் எட்டிப் பார்த்து, "இன்னா அண்ணாத்தே, பொட்டிக்கு எண்ணெ தேச்சு குளிப்பாட்டினு கீறியா?" என்று சிரித்தார்.

"சும்மா இருங்க சார், இப்ப ராக்கெட் மாதிரி கெளம்பும் பாருங்க" என்றேன்.

கிளம்பியது அக்கா. தாலி கட்டும்போது என் கண் கலங்கிவிட்டது. பட்டுப்புடவையில் நீ மகாராணிதான். தாய்மாமன் சீர்த்தட்டை எனக்குப் பதிலாக யார் தூக்கி வந்தார்கள் என்று மட்டும் எழுது. கொஞ்சம் பருப்புப் பொடியும், எல்லோரும் நிற்கிற ஒரு போட்டோவும் அனுப்பு.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. அக்கா, தாலி கட்டியதைப் பார்த்தேன் என்றேனே, அது பொய். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது ஸ்விட்சைப் போட்டேன். அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

உன் தம்பி
வீராசாமி