பசை காயாத சக்கரம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது, வாய்தான் குறையவில்லை. பேத்திக்கு சைக்கிள் வாங்கப் போவதில்லை என்றும், ‘வளைவெடுக்கத் தெரியாத நான் அவளுக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுப்பது’ என்றும் நீ எழுதியிருந்ததை அம்மா படித்துக் காட்டினாள். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் சைக்கிள் சங்கத்திலிருந்து ஒருவர் வந்தார். சர்வதேச விளையாட்டு விழாக்களில் நடந்த சைக்கிள் பந்தயங்களின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்களாம், அணிக்கு மெக்கானிக்காக இருந்தவன் என்று என்னிடம் அச்சுப்படியைச் சரிபார்க்கக் கொடுத்தார். ஒலிம்பிக்கில் ஆண்கள் ஓட்ட ஆரம்பித்து எண்பத்தெட்டு வருஷம் கழித்துத்தான் பெண்களை விட்டார்களாம். சுவாரசியமாகத்தான் போயிற்று. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நீ வந்தாய். மூன்றாவதாக வந்துகொண்டிருந்தவர் கடைசிச் சுற்றில் வளைவைத் தவறாக எடுத்து விழுந்தார் என்று ஒரே வரி. எனக்கு அழுகையும் வரவில்லை கோபமும் வரவில்லை, மரத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

பந்தயத்தன்று காலை உன் முன்சக்கர டயரில் ஒரு கீறல் பார்த்தேன். பழைய சக்கரத்தையே மாட்டிவிடு என்றார் பயிற்சியாளர். அது கனம், என் மகள் அதிலா ஓட்டுவது என்று வீம்புக்குப் புது டயரை ரிம்மில் பசை தடவி ஒட்டினேன். பந்தய டயரைப் பிடித்து நிறுத்துவதே அந்தப் பசைதான், அது ஒரு நாள் முழுக்கக் காயவேண்டும், நான் விட்டது ஐந்து மணி நேரம். நீ விழுந்தபின் போய்ப் பார்த்தால் டயர் கழன்று கிடந்தது, பசை விரலில் ஒட்டியது. யாரும் பார்ப்பதற்குள் துடைத்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் தோளில் கட்டோடு, நான்தாம்ப்பா தப்பா எடுத்துட்டேன் என்று நீ சொன்னாய். பரவாயில்லம்மா என்றேன். பதினோரு வருஷம் ஆயிற்று. முதலில் வெட்கமாக இருந்தது, அப்புறம் அதுவும் பழகிவிட்டது.

அந்த வரியை அடித்துவிட்டு, மெக்கானிக் பசை காயாத சக்கரத்தைக் கொடுத்ததால் டயர் கழன்று விழுந்தார் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன். அம்மாவிடமும் சொன்னேன். அவள் தட்டு வைத்துச் சோறு போட்டாள். நீ புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்றுதான் முந்திக்கொண்டு எழுதுகிறேன். நீ வளைவைச் சரியாகத்தான் எடுத்தாய்.

குளிர்காலத்தில் தோளுக்கு ஒத்தடம் கொடு, அலட்சியம் வேண்டாம். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் தீர்க்காயுசாக இருங்கள். மறக்காமல் பதில் போடு. திட்டி எழுது, ஆறுதல் சொல்லி எழுதினால் என்னால் படிக்க முடியாது.

இப்படிக்கு,
அப்பா