இரண்டாவது ஆணி

ஸ்போகேன்
ஜனவரி 4

பாதி பாசமும் பாதி கோபமுமாக அப்பாவுக்கு,

நானும் தம்பி ஆமோஸும் அம்மா வீட்டுக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தோம். பேருந்தில் வழி முழுக்க அவன் என் தோளில் எச்சில் வடித்துத் தூங்கினான். ஆறு வயதுக்காரனுக்குள் அவ்வளவு ஈரம் எங்கே இருக்கிறதோ! உங்கள் மலையில் போன் பாதி நேரம் எடுக்காது, எடுத்தாலும் நீங்கள் எடுக்க மாட்டீர்கள். ஆகவே கடிதம்.

முதல் சனிக்கிழமைதோறும் விசில் ஊதி, விளக்கை அணைத்து நீங்கள் நடத்தும் அவசரகால ஒத்திகையை நான் கிண்டல் செய்திருக்கிறேன், வெறுத்ததில்லை. ஐடஹோவில் பனிப்புயல் வரும், மின்சாரம் போகும். தொட்டியில் தண்ணீர் நிரப்புவது என் வேலை. டார்ச் கொண்டுவருவது ஆமோஸ் வேலை. துப்பாக்கியோடு கதவருகே நின்று, "ஹக்கிள்பெரி" என்ற கடவுச்சொல்லைச் சொல்லாதவனை உள்ளே விடாமல் இருப்பது உங்கள் வேலை. சரி.

ஆனால் அவசர அலமாரியில் முதல் ஆணியில் டார்ச், இரண்டாவது ஆணியில் துப்பாக்கி. விளக்கை அணைத்துவிட்டு ஒரு பொடியனை அங்கே அனுப்பினால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. "அப்பா, இதான் கைக்கு வந்துச்சு" என்று துப்பாக்கிக் குழாயை என் வயிற்றுக்கு நேராக நீட்டிக்கொண்டு வந்தான். "பயப்படாதே ஜூனி, காலிதான்" என்றீர்கள். திறந்தீர்கள். ஒரு தோட்டா தரையில் விழுந்து உருண்டது. அதைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டீர்கள்.

அந்த ஆணி காலியாகும்வரை நான் வரமாட்டேன், ஆமோஸையும் அனுப்ப மாட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் வக்கீல்வரை போகும். இது மிரட்டல் இல்லை. சரி, மிரட்டல்தான்.

அதுவரை உங்கள் ஒத்திகையை ஒத்திவையுங்கள்.

பணியாத மகள்,
ஜூனிப்பர்

பி.கு. உங்களுக்கு ஒரு பரிசு வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அவசரம் வந்தால் கிடைக்கும்.


மலை வீடு
ஜனவரி 15

அன்பு ஜூனி,

கடிதம் கிடைத்தது. மூன்று முறை படித்தேன், மூன்று முறையும் கோபம் வந்தது.

அந்த ஒரு தோட்டா என் தப்பு. மறுக்கவில்லை. அன்றே துப்பாக்கியைத் துடைத்துக் காலியாக மாட்டிவிட்டேன். ஆனால் அது அந்த ஆணியில்தான் இருக்கும். நான் கூப்பிட்டால் ஷெரிப் வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். பனியில் வரவே மாட்டார். நீயும் உன் தம்பியும் உள்ளே தூங்கும்போது கதவைத் தட்டுகிறவன் யாரென்று எனக்கு எப்படித் தெரியும்? தண்ணீரும் பீன்ஸும் மட்டும் சேர்த்து வைத்தால், அதைப் பறிக்க வருகிறவனுக்காகச் சேர்த்து வைத்ததாகத்தான் அர்த்தம்.

நகரத்தில் பொத்தானை அமுக்கினால் ஆள் வரும். இங்கே நான்தான் அந்த ஆள்.

மார்ச் விடுமுறைக்கு வருகிறீர்கள். பயணச்சீட்டு இத்துடன்.

அப்பா

பரிசா? வீடெல்லாம் தேடிவிட்டேன். என் பூட்ஸில் வைத்த ரப்பர் எலிதானே? போன வருஷமே பார்த்தாயிற்று.


ஸ்போகேன்
ஜனவரி 24

பிடிவாதத்தில் எனக்கு மூத்தவரே,

பயணச்சீட்டுக்கு நன்றி. புத்தகத்தில் பக்கக்குறியாக வைத்திருக்கிறேன். அழகாக இருக்கிறது.

உங்கள் கணக்கில் கதவைத் தட்டுகிறவனெல்லாம் கொள்ளைக்காரன். அந்த வீட்டில் இத்தனை வருஷத்தில் யார் தட்டியிருக்கிறார்கள்? ஓடைக்கு அந்தப் பக்கத்து ஆர்வில் தாத்தா, பைபிள் விற்க வந்த பெண்கள், ஒருமுறை கதவுக் கம்பியில் கொம்பு சிக்கிக்கொண்ட மான்.

அது அவசர அலமாரியா, அவசரக்காரன் அலமாரியா?

எலி இல்லை. தேடுங்கள்.

அதே ஜூனி


மலை வீடு
பிப்ரவரி 11

ஜூனிப்பர்,

முழுப் பெயரில் கூப்பிடுகிறேன் என்றால் எவ்வளவு கோபம் என்று புரிந்துகொள்.

போன வாரம் உறைமழை. மரங்கள் கம்பிமேல் விழுந்து மின்சாரம் போய்விட்டது. பகல்தான், ஆனால் ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அப்போது ஓடைப் பக்கமிருந்து ஓர் உருவம் வந்தது. முகம் முழுக்கத் துணி, கையில் ஏதோ கனமான பொருள். "நில்லு! யாரது? சொல்லைச் சொல்லு!" என்று கத்தினேன். நிற்கவில்லை. மறுபடி கத்தினேன். வந்துகொண்டே இருந்தது. படியேறிக் கதவை உதைத்தது.

துப்பாக்கியை எடுத்தேன். தோட்டாப் பெட்டியைத் திறந்தேன்.

பீச் பழம். டப்பா டப்பாவாக, கனம்கூட மாறாமல் அடுக்கி வைத்திருக்கிறாய்!

வெறும் துப்பாக்கியும் ஒரு பீச் டப்பாவுமாக நின்றேன். வேறு வழியில்லாமல் கதவைத் திறந்தேன்.

ஆர்வில். அவன் காதுக்கருவிக்கு மின்சாரம் ஏற்ற வழியில்லை, செத்துவிட்டது. நான் கத்தியது ஒன்றுமே விழவில்லை. இரண்டு கையிலும் எல்க் மான் கறிச் சட்டி, அதனால்தான் உதைத்திருக்கிறான். "என்னடா கார்ல், ஆளு வெளுத்துப் போய் நிக்கிறே? அடுப்பு எரியலையா?" என்று கேட்டான்.

ஆர்வில் பிழைத்தான். அதற்காக நீ செய்தது சரியாகிவிடாது. வந்தது வேறு எவனாவதாக இருந்திருந்தால்? உன் அப்பனைப் பழச்சாற்றோடு நிறுத்தி வைத்திருக்கிறாய். தோட்டாக்கள் எங்கே?

கார்ல்


ஸ்போகேன்
பிப்ரவரி 19

அப்பா,

மன்னிப்புக் கடிதம் எதிர்பார்த்தால் இதைக் கிழித்து அடுப்பில் போடுங்கள்.

உலகம் அழிந்த பிறகே திறப்பேன் என்பீர்களே, அந்தக் கோதுமை வாளியின் அடியில் இருக்கின்றன. தோட்டா இருந்த இடத்தில் தோட்டத்துப் பழம்.

நான் இன்னொருமுறையும் செய்வேன். உங்கள் கடவுச்சொல் ஆர்வில் தாத்தாவின் காதில் விழவில்லை. நாளைக்கு ஆமோஸ் விறகு எடுக்க வெளியே போய், பயத்தில் அந்தச் சொல்லை மறந்துவிட்டால்? வேறு எவனாவது வந்திருந்தால் என்று கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாது. நிஜமாகவே தெரியாது. ஆனால் இந்தக் குளிர்காலத்தில் அந்தத் துப்பாக்கிக்கு முன்னால் நின்றது இரண்டே பேர். ஒன்று நான். இன்னொன்று கறிச் சட்டி.

பயணச்சீட்டு இன்னும் புத்தகத்துக்குள்தான் இருக்கிறது.

ஜூனி


மலை வீடு
பிப்ரவரி 27

ஜூனி,

துப்பாக்கியை விற்க மாட்டேன். பசித்த கரடிக்குக் கடவுச்சொல் தெரியாது. உனக்குப் பணிந்துவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரியாதே.

அது இப்போது என் அறையில், சுவரோடு முடுக்கிய இரும்புப் பெட்டிக்குள், பூட்டி இருக்கிறது. தோட்டாக்களை ஆர்வில் வீட்டில் கொடுத்துவிட்டேன். ஆபத்து என்றால் முதலில் அவன் கதவைத்தான் தட்ட வேண்டும். "அப்போ உனக்காக நான் சாகாம இருக்கணுமாக்கும்" என்று முனகிக்கொண்டே வாங்கி வைத்தான்.

முதல் ஆணியில் டார்ச். இரண்டாவது ஆணியில் ஒரு பலகை, கொட்டை எழுத்தில் "யார் நீ?" என்று எழுதியிருக்கிறேன். ஆர்விலுக்கு ஜன்னல் வழியாகக் காட்ட.

ஒத்திகை உண்டு. நான் தண்ணீர் பிடிக்கிறேன், கதவை நீ பார்த்துக்கொள்.

பீச் தீர்ந்துவிட்டது. வரும்போது வாங்கி வா. நேராக என் கையில் கொடு.

அப்பா


ஸ்போகேன்
மார்ச் 5

அப்பா,

பயணச்சீட்டைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டேன். எந்தப் பக்கத்தில் விட்டேன் என்பது மறந்துபோயிற்று.

வெள்ளிக்கிழமை பேருந்து. ஆமோஸுக்கு ஜன்னலோரம், எனக்கு எச்சில்.

பீச் ஆறு டப்பா வாங்கியாயிற்று. கையில் கொடுப்பதாக இல்லை. தேடிக்கொள்ளுங்கள்.

ஜூனி