சமையலறைப் பக்கம் முதல் திருப்பம்

ஜனவரி 12

அன்புள்ள வாலு,

அத்தை எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் சமாதானத் தூது என்று நினைத்துக் கிழித்துப் போட்டுவிடாதே. நீயும் என் மகனும் பிரிவதற்காக வக்கீலிடம் கொடுத்திருக்கும் காகிதத்தில் நான் தலையிடப் போவதில்லை. இது என் கால் சம்பந்தப்பட்ட விஷயம்.

போன வாரம் கண்ணாடிக் கடையில் வேலையாக இருந்தபோது விழுந்துவிட்டேன். எதுவும் தடுக்கவில்லை. ஒருவருடைய மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு திரும்பினேன், அடுத்த நொடி தரையில் கிடந்தேன். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று முதலாளிக்கு நிம்மதி. காது டாக்டரிடம் போனேன். காது கேட்பதற்கு மட்டும் இல்லையாம், நிற்பதற்கும் அதுதானாம். எனக்குக் கேட்காது என்பதால் அவர் எல்லாவற்றையும் கொட்டை எழுத்தில் எழுதிக் காட்டினார். தினமும் நின்று, அடி வைத்து, திரும்பிப் பழக வேண்டுமாம். தெருவில் நடந்தால் பின்னால் வரும் சைக்கிள் மணி எனக்குக் கேட்காது. ஆகவே வீட்டுக்குள் செய்கிற மாதிரி ஏதாவது வேண்டும்.

உடனே உன் ஞாபகம்தான் வந்தது. இந்த வீட்டுக்கு வந்த புதிதில் ஹால் மேசையை ஓரம் தள்ளிவிட்டு, வெள்ளை உடை போட்டுக்கொண்டு கராத்தே பழகுவாயே. நான் நாற்காலியில் உட்கார்ந்து பட்டாணி உரித்தபடி வேடிக்கை பார்ப்பேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதலில் சொல்லித் தரும் கட்டா என்று ஒன்று, வரிசை மாறாமல் அடி வைத்துத் திரும்பிக் குத்துவது, செய்வாய். அதை எனக்கு எழுதி அனுப்பு. போனில் பேசினால் வண்டு சத்தம்தான் கேட்கிறது. வீடியோ வேண்டாம், திரையைப் பார்த்துக்கொண்டே திரும்பினால் தலை சுற்றுகிறது, செய்து பார்த்துவிட்டேன்.

அந்த வெள்ளை உடை உன் அறை அலமாரியில் அப்படியே இருக்கிறது. அனுப்பட்டுமா?

பிடிவாதம் குறையாமல்,
உன் அத்தை

ஜனவரி 20

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் விழுந்த செய்தி வருத்தமாக இருந்தது. எதிர்த்தரப்புக் குடும்பத்தோடு கடிதப் போக்குவரத்து வேண்டாம் என்று என் வக்கீல் சொல்லியிருக்கிறார். நீங்கள் எந்தத் தரப்பு என்று எனக்கே தெரியவில்லை. கால் விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

இடது, வலது என்று எழுதினால் குழம்புவீர்கள். அந்த ஹாலை வைத்தே சொல்கிறேன். நேராக நில்லுங்கள். முதல் திருப்பம் சமையலறைப் பக்கம். அந்தப் பக்கத்துக் காலை நீட்டி வைத்து முழங்காலை மடக்குங்கள், பின்கால் நீண்டிருக்கட்டும். அதே பக்கத்துக் கையை எதிர்த் தோளிலிருந்து முழங்காலுக்கு மேல் வரை வீசி இறக்குங்கள். யாரோ உதைக்க வருகிறார், நீங்கள் தட்டிவிடுகிறீர்கள். பிறகு பின்காலை முன்னால் கொண்டுவந்து வைத்து, அந்தக் கால் பக்கத்துக் கையால் ஒரு குத்து. அடுத்து வாசல் பக்கம் முழுதாகத் திரும்பி அதே தட்டல், அதே குத்து. பிறகு முன்பக்கம் திரும்பி ஒரு தட்டல், மூன்று எட்டு வைத்து மூன்று குத்து. மூன்றாவதில் வயிற்றிலிருந்து ஒரு கத்தல்.

அந்த முனையிலும் இரு பக்கமும் இதேதான். ஆனால் அங்கே முதலில் வாசல் பக்கம், அதுவும் முதுகுப் புறமாக ஒரு சுற்றுச் சுற்றி. விழுந்தால் அங்கேதான் விழுவீர்கள். சோபாவைப் பக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு வந்த வழியே குத்திக்கொண்டு திரும்பி, இந்த முனையிலும் அப்படியே செய்து முடிக்க வேண்டும். அடிகள் சரியாக இருந்தால் தொடங்கிய இடத்திலேயே வந்து நிற்பீர்கள்.

உடையை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். நான் இப்போது பழகுவதில்லை.

இப்படிக்கு,
(தீர்ப்பு வரும்வரை) உங்கள் மகனின் மனைவி

பிப்ரவரி 3

அன்புள்ள வாலு,

'மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு' என்று ஆரம்பித்திருக்கிறாய். மீட்டர் ஓடவில்லை என்று மின்சார அலுவலகத்துக்கு எழுதுகிற மாதிரி இருக்கிறது. நான் உன் அத்தை. திருத்திக்கொள்.

முதல் வாரம் சோபாவில் விழுந்தேன். இரண்டாவது வாரம் சோபாவோடு சேர்ந்து நகர்ந்தேன். இப்போது பரவாயில்லை. ஆனால் அந்தக் கத்தலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குத்தான் என் குரல் கேட்காதே. மெதுவாகத்தான் கத்துகிறேன் என்று நினைத்துக் கத்தியிருக்கிறேன். எதிர்வீட்டு டிரைவர், ஓய்வு பெற்றவர், உனக்குத் தெரியுமே, கையில் குடையை ஓங்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டார்.

"என்னம்மா, திருடனா?" என்று கேட்டதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

"திருடன் எல்லாம் இல்லீங்க, கராத்தே."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கடைசிவரை பார்த்தார். பிறகு ஒரு தாளை எடுத்து எழுதிக் கொடுத்தார்: "நிஜமாவே திருடன் வந்தா கூப்பிடுங்க. பாவம், அவனைக் காப்பாத்த வரேன்."

உடையை யாருக்கும் கொடுக்கவில்லை. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். பழகுவதில்லை என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டாய். சாப்பாட்டையாவது விடாமல் சாப்பிடுகிறாயா?

உடம்பெல்லாம் வலியோடு,
உன் அத்தை

பிப்ரவரி 12

அன்புள்ள அத்தை,

திருத்திக்கொண்டேன்.

உங்கள் கடிதத்தை வேலையில் வைத்துப் பிரித்ததுதான் தப்பு. ஊர்வாரியாகப் பிரிக்க வேண்டிய பார்சல்கள் கன்வேயர் பட்டையில் ஓடிக்கொண்டிருக்க, நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் ஒரு பெட்டி தப்பான வண்டிக்குப் போய்விட்டது. மேற்பார்வை பார்க்கிற நானே இப்படி என்று மற்றவர்கள் கேலி செய்கிறார்கள்.

அந்தச் சுற்றுத் திருப்பத்தை உங்களுக்குச் சரியாகத்தான் எழுதினேனா என்று சந்தேகம் வந்தது. சரிபார்க்க ஒரு தடவை செய்து பார்த்தேன். என் அறை அத்தனை சின்னது. கட்டிலைச் சுவரில் சாய்த்து நிறுத்தினால்தான் பாதிக் கட்டாவாவது செய்யலாம். கீழே சைக்கிள் கடைக்காரர் பம்பால் கூரையைத் தட்டினார். மறுநாளும் செய்தேன். அவரும் மறுநாளும் தட்டினார். இப்போது இருவருக்கும் பழகிவிட்டது.

ஒன்று சொல்ல மறந்தேன். திரும்பும்போது காலை முதலில் தூக்காதீர்கள். முதலில் தலை, பார்வை; அப்புறம்தான் கால். போக வேண்டிய இடத்தைப் பார்த்துவிட்டால் உடம்பு தடுமாறாது. ஆமாம், முடிக்கும்போது தொடங்கிய இடத்துக்கு வருகிறீர்களா?

சாப்பிடுகிறேன். ஒரு வேளை மட்டும் ரொட்டி.

உங்கள்
வாலு

மார்ச் 2

அன்புள்ள வாலு,

ஒரு வேளை ரொட்டி என்றால் மற்ற வேளை என்ன, காற்றா? அதை அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது.

தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுகிறேன்! சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஒரே ஒரு தொல்லை. நான் உன் அறைக் கதவைப் பார்த்து நின்று தொடங்குகிறேன். மூன்றாவது குத்தில் என் கை அந்தக் கதவின் தாழ்ப்பாளில் இடிக்கிறது. நீ போனதிலிருந்து அதைச் சாத்தியே வைத்திருக்கிறேன். கொஞ்சம் பின்னால் தள்ளித் தொடங்கலாமா?

ஞாயிற்றுக்கிழமை என் மகன் வந்தான். தரையில் கோடுகளைப் பார்த்துவிட்டு, வீட்டை அளந்து விற்கப் போகிறேனோ என்று பயந்துவிட்டான். கட்டாவைச் செய்து காட்டினேன். முதலில் சிரித்தான், பிறகு சிரிக்கவில்லை. "யாரும்மா சொல்லிக் கொடுத்தா?" என்று போனில் தட்டிக் காட்டினான். உன் கடிதங்களைக் காட்டினேன். ஒளித்து வைத்துச் செய்கிற காரியமா இது? எல்லாவற்றையும் படித்துவிட்டு மறுபடி தட்டினான்: "எல்லாம் முடிஞ்சதும் அவ உங்களுக்கு எழுத மாட்டாம்மா. பழகிக்காதீங்க."

கோபத்தில் சொல்லவில்லை, எனக்காகத்தான் சொன்னான். ஆனாலும் அன்றைக்குக் கட்டா சரியாக வரவில்லை. அவன் சொன்னது நிஜமா வாலு? நீ எழுத மாட்டாயா? எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டும்.

உன் அத்தை

மார்ச் 10

அன்புள்ள அத்தை,

முதலில் கட்டா. நீங்கள் முழுவதையும் இடம் வலம் மாற்றிப் பழகியிருக்கிறீர்கள். தப்பு என்னுடையது.

எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்று நான் எழுதவேயில்லை. அந்த வீட்டில் நான் எப்போதும் என் அறைக் கதவுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பேன். கதவிலிருந்து வெளியே வந்தால் சமையலறை இடக்கைப் பக்கம், தூக்கத்திலும் தெரியும். முதல் திருப்பம் இடது பக்கம்தான். நீங்களோ நான் நின்ற இடத்தில் நிற்காமல், பட்டாணி உரித்த இடத்திலேயே எழுந்து கதவைப் பார்த்து நின்றிருக்கிறீர்கள். உங்களுக்குச் சமையலறை வலக்கைப் பக்கம். எங்கள் ஆசிரியர் பார்த்தால் முதல் அடியிலேயே உட்காரச் சொல்லிவிடுவார்.

இந்த அறையில் உட்கார்ந்து எழுதியதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதும்போது மனசு அந்தக் கதவடியில் நின்றிருக்கிறது. அது தெரிந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

இருபத்தெட்டாம் தேதி கடைசி விசாரணை. உங்கள் மகன் சொன்னது சரிதான் அத்தை. நாளைக்கு அந்த அறைக்கு இன்னொருத்தி வரலாம். என் கடிதம் வந்து விழும்போதெல்லாம் அவளுக்கு உறுத்தும், நடுவில் நீங்கள் தவிப்பீர்கள். அதோடு, தீர்ப்புக்கு அப்புறம் நான் உங்களை எந்த உரிமையில் அத்தை என்று எழுதுவது? அவரை விட்டு வந்து எனக்கு ரொம்ப நாள் ஆகிவிட்டது. உங்களை விடுவதுதான் கஷ்டமாக இருக்கிறது. இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கதவுக்கு முதுகைக் காட்டி நின்று மறுபடி முதலிலிருந்து பழகுங்கள். சீக்கிரம் வந்துவிடும்.

என்றும் அன்போடு,
வாலு

மார்ச் 17

அன்புள்ள வாலு,

டிரைவரின் மகள், பால் கொண்டு வருகிறவர், கடையில் கணக்குப் பார்க்கிற பெண், எல்லாரும் என்னை அத்தை என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதில் ஒருத்தர்கூட என் மகனைக் கட்டிக்கொள்ளவில்லை. நீ மட்டும் கோர்ட்டில் கேட்டுக்கொண்டுதான் கூப்பிட வேண்டுமா? வரப்போகிறவள் வரட்டும். அவளுக்கு உறுத்தினால் அவளிடம் பேச எனக்கு வாய் இருக்கிறது. காதுதான் இல்லை.

நீ சொன்னபடி கதவுக்கு முதுகைக் காட்டி நின்று பார்த்தேன். கால் கேட்க மாட்டேன் என்கிறது. எங்கள் கடையில் கண் சோதிக்கிற அறை ரொம்பச் சின்னது. அதனால் எழுத்துகளைத் திருப்பி அச்சடித்து, உட்காருகிறவரின் தலைக்கு மேல் மாட்டியிருப்போம். எதிர்ச் சுவரில் இருக்கிற கண்ணாடியில் பார்த்தால் நேராகத் தெரியும். வருஷக்கணக்காக அதைப் பார்த்துப் பிழைக்கிற நானே இடம் வலம் மாறி நின்றிருக்கிறேன், முதலாளியிடம் சொல்லிவிடாதே. என் கட்டாவும் அப்படித்தான். எதிரே நீ நின்றால் நேராகிவிடும். நான் மாற்றிப் பழகப் போவதில்லை.

அவனுக்காக உன்னை வரச் சொல்லவில்லை. அது முடிந்த கதை, எனக்கும் தெரியும். எனக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை வா.

உன் அத்தை

ஏப்ரல் 2

வாலு,

தீர்ப்பு வந்ததை அவன் வந்து சொன்னான். சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். நீயும் அப்படித்தான் இருந்திருப்பாய்.

இன்று பஸ் திடீரென்று நின்றது. நின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் முன்னால் சரிந்தார்கள். நான் விழவில்லை. முன்காலை மடக்கி அப்படியே நின்றேன். கண்டக்டர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

பதில் எழுத மனசில்லை என்றால் எழுதாதே. கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அத்தை

ஏப்ரல் 11

அன்புள்ள அத்தை,

கோர்ட்டிலிருந்து வெளியே வரும்போது வக்கீல், "இனிமே அந்தக் குடும்பத்துக்கும் உங்களுக்கும் ஒண்ணுமில்ல" என்றார். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு உங்களுக்குப் பலமுறை எழுத உட்கார்ந்தேன். என்னவென்று அழைப்பது என்று தெரியாமல் முதல் வரியிலேயே தாளைக் கிழித்தேன். பஸ்ஸில் நீங்கள் விழாமல் நின்றதைப் படித்தபோது, அறையில் தனியாக இருந்தும் "ஐயோ அத்தை!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் எழுதுவதற்கு ஒரு கஷ்டமும் இல்லை.

வருகிற ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறேன். மாலையே திரும்பிவிடுவேன். எதிரெதிரே நின்று செய்ய ஹால் மட்டும் போதாது, என் அறைக் கதவைத் திறந்து வையுங்கள். நான் அறைக்குள்ளிருந்து தொடங்குகிறேன், நீங்கள் ஹாலின் அந்தக் கோடியிலிருந்து தொடங்குங்கள். முதல் திருப்பத்தில் இரண்டு பேருமே சமையலறைப் பக்கம் திரும்புவோம். மூன்று குத்தோடு முன்னால் வரும்போது கதவு நிலையில் நேருக்கு நேர் வந்துவிடுவோம். அந்த இடத்தில் கொஞ்சம் பார்த்து, என் மூக்கை உடைத்துவிடாதீர்கள். இந்தத் தடவை இரண்டு கத்தல் கேட்கும் என்று டிரைவரிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள், பாவம், குடையோடு ஓடி வரப் போகிறார்.

வெள்ளை உடையை எனக்கு அனுப்ப வேண்டாம். அங்கேயே இருக்கட்டும். வரும்போதெல்லாம் தூக்கிக்கொண்டு வர முடியாது.

உங்கள்
வாலு