பத்து விரல்

தை 3
காலையில் பனி. போடி மலை கண்ணுக்கே தெரியவில்லை. பட்டறையில் இன்றிலிருந்து நான் மோல்டிங் மிஷினில். இதுவரை உளியும் இழைப்புளியும்தான். மேசை நடுவே ஓட்டை, அதில் கத்தி நட்டமாக நின்று சுற்றுகிறது. கட்டையை ஒட்டித் தள்ளினால் ஓரத்தில் அழகாக வளைவு விழும். கட்டையா விரலா என்று அது பார்க்காது.

பக்கத்து ரம்பத்தில் குட்டப்பன், மலையாளத்தான், என் வயசு. இடது கையில் இரண்டு விரல் இல்லை. இப்போது என்னிடம் இருக்கும் மிஷினில் போனதுதான். "சாயா குடிக்க ஒருத்தன் விளிச்சான், திரும்பிட்டேன். அந்தச் சாயாவக் குடிக்கவே இல்ல."

தை 5
வடுகபட்டி. மாமா வீடு. மாமா இல்லை. அவர் மகள் பேச்சி கிணற்றடியில்.

"மிஷின் வேலக்காரனுக்குப் பொண்ணு இல்லைன்னு அய்யா சொல்றாக மச்சான். வெரலு போயிட்டா யாரு கஞ்சி ஊத்துறதுன்னு கேக்காக."

"நீ என்ன சொன்ன?"

"தை முடியட்டும்னேன். பத்து வெரலோட வந்து நில்லுங்க. நான் பேசிக்கிறேன்."

முகம் பார்க்கும் கண்ணாடிக்குத் தேக்கில் சட்டம் செய்து தருவதாகச் சொன்னேன். சிரித்தாள். வழியெல்லாம் அந்தச் சிரிப்புதான்.

தை 9
எனக்கு நானே: வேட்டியை இறுக்கிச் செருகு. தோளில் துண்டு கூடாது. கணு, ஆணி பார். கத்தி சுற்றுவதற்கு எதிராகத்தான் தள்ள வேண்டும். கூடவே தள்ளினால் கட்டையைப் பிடுங்கும், பின்னாலேயே கையும் போகும். முழு ஆழத்தையும் ஒரே தடவையில் எடுக்காதே. கடைசிச் சாணுக்குக் கை வேண்டாம், தள்ளுகட்டையால் தள்ளு. யார் கூப்பிட்டாலும் திரும்பாதே.

தை 16
யுத்தத்தால் எண்ணெய் இல்லை. மிஷின்களைச் சுற்றும் இன்ஜின் ஓடவில்லை. மொச்சைக் குழம்பு, உப்பு கூடிவிட்டது. சட்டத்தில் மூன்று பக்கம் முடிந்தது. பேச்சியிடமிருந்து ஒரு தாக்கலும் இல்லை, சேதியும் இல்லை.

தை 22
எண்ணெய் வந்தது. நாலாவது பக்கம். கட்டை பாதி போயிருக்கும்போது பின்னால் மாமா குரல்.

"முருகேசா."

என்றைக்கும் மாப்ளே என்பவர். திரும்பவில்லை. தள்ளுகட்டையால் கடைசி வரை தள்ளி, பெல்ட்டைக் கழற்றி, கத்தி நின்ற பிறகுதான் திரும்பினேன். அவர் கையில் தட்டு, அதில் வெற்றிலை பாக்கு, புது வேட்டி.

"பேச்சிக்குத் தேவதானப்பட்டியில மாப்பிள்ள பேசி முடிச்சாச்சு. முறைக்காரன் நீ. விட்டுக்குடுத்தேன்னு இத நீ மனசார வாங்குனாத்தேன் அங்கன தாலி ஏறும்."

"பேச்சி என்ன சொன்னா?"

"அழுதா. பெறகு சரின்னுட்டா."

கையை விரித்துக் காட்டினேன். "மாமா, எண்ணிப் பாருங்க."

அவர் தரையைப் பார்த்தார். குட்டப்பன் ரம்பத்தை நிறுத்திவிட்டான். நான் மாட்டேன் என்றால் கல்யாணம் நிற்கும். ஊர் வாயில் விழுவது அவள்தான்.

தட்டை இரண்டு கையாலும் வாங்கினேன். பத்து விரலும் முழுசாக இருந்தன.