சோழகத்தில் மூன்று புள்ளி

யூன் 3, செவ்வாய்

எங்கள் கூடைப்பந்து அணியின் புதுப் பயிற்சியாளர் ஜனகன் சேர் இன்று பலகையில் ஐந்து வட்டம் கீறினார். ஐந்தும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே. வளையத்துக்குக் கீழே ஒருவரும் இல்லை. பதினோரு வருடமாக நான் நிற்கிற இடம் அது.

"சேர், நான் எங்கை?" என்று கேட்டேன்.

மூலையில் இருந்த வட்டத்தைத் தொட்டார். "அதிலை நில்லுங்கோ யோகலிங்கம். உங்களை மறிக்கிறவன் வெளியிலை வந்தாத்தான் உள்ளுக்கு இடம் கிடைக்கும்."

அந்த இடத்துக்குள் மற்றவர்கள் ஓடலாமாம். நான் போகக்கூடாதாம். ஆறடி ஐந்து அங்குலத்தை மூலையில் சாத்தி வைக்க நான் என்ன அலவாங்குக் கம்பியா?

யூன் 5

மூலையிலிருந்து எறிந்தேன். ஒன்றும் விழவில்லை. விசர்.

யூன் 19, வியாழன்

சோழகக் காற்று தொடங்கிவிட்டது. பூநகரி மைதானத்தில் அதை மறைக்க ஒரு பற்றைகூட இல்லை. வடக்கு வளையம் வளைந்து தொங்குவதால் எல்லோரும் தெற்கு வளையத்துக்குத்தான் எறிகிறோம். மேற்கிலிருந்து அடிக்கிற காற்று பந்தை இடப்பக்கம் இழுக்கிறது. எங்கள் அணியில் திலீபன் கெட்டிக்காரன், வளையத்துக்கு வலப்பக்கமாகக் குறி வைக்கப் பழகிவிட்டான். அவனைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே. விழுந்தால் சேர் கைதட்டுகிறார்.

உள்ளே என்னிடம் தந்தால் காற்று என்ன செய்யும்? வளையத்துக்கு முதுகைக் காட்டி நின்று, இடத்தோளால் திரும்பி, தலைக்கு மேலால் விட்டால் முடிந்தது. சேரிடம் சொன்னேன்.

"அது பழைய விளையாட்டு" என்றார்.

பழசாம்! எனக்கு முப்பத்தொரு வயது.

யூலை 6, ஞாயிறு

கொழும்பில் ஒரு தொழில்முறைக் கழகம் சம்பளத்துக்கு ஆள் எடுக்கிறதாம். ஓகஸ்டில் அங்கே நாங்கள் ஆடும் போட்டிக்கு வந்து எங்களைப் பார்ப்பார்களாம். இந்த வயதில் எனக்கு இதுதான் கடைசிச் சந்தர்ப்பம். அந்தப் போட்டியில் என்னை ஆட விடாமல் வாங்கில் இருத்தப் போவதாகச் சேர் இன்று சொல்கிறார். சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். ஜெயபுரம் வரை திட்டிக்கொண்டே வந்தேன்.

நிரோஜா வாசலில் நின்று என் காலைப் பார்த்தாள்.

"சப்பாத்து எங்கையப்பா?"

"எறிஞ்சிட்டன்."

"அதெண்டாலும் வளையத்துக்குள்ளை விழுந்ததோ?"

என் மனைவிக்கு வாய் கூட. சாப்பிடாமல் படுத்தேன்.

யூலை 7

திலீபன் சப்பாத்தைக் கொண்டுவந்து தந்தான். வாங்கிக்கொண்டேன். கோபம் அப்படியே இருக்கிறது.

ஓகஸ்ட் 9, சனி. கொழும்பு

உள்ளரங்கு. நாலு பக்கமும் சுவர். திலீபன் எறிந்தான், பந்து வலப்பக்கம் பட்டுத் தெறித்தது. அடுத்தவன் எறிந்தான், அதுவும் வலப்பக்கம். மறுபடி திலீபன். மறுபடி வலப்பக்கம். "பதட்டப்படாதேங்கோ!" என்று சேர் கத்துகிறார். பதட்டமா? இரண்டு மாதம் காற்றுக்கு எறிந்து பழகிய கை ஐயா அது. காற்றே இல்லாத இடத்திலும் காற்றுக்குத்தான் எறியும்.

நல்லாய் வேணும் என்றுதான் முதலில் நினைத்தேன். சிரிப்பும் வந்தது. பிறகு திலீபன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. எழும்பிப் போய்ச் சேரின் காதுக்குள் கத்தினேன்.

"காத்துக்கு எறியிறாங்கள் சேர்! எல்லாம் வலப்பக்கம்தான் விழும். என்னை விடுங்கோ, நான் அங்கை நிக்கிறன்."

சேர் என்னைப் பார்த்தார். வளையத்தைப் பார்த்தார். "போங்கோ" என்றார்.

வளையத்தின் வலப்பக்கம் போய் நின்றேன். எதிரணிக்காரன் முதுகில் இடித்துத் தள்ளினான். நான் அசையவில்லை. தவறிய பந்து என் கைக்கே வந்தது. வெளியே திலீபனுக்குக் கொடுத்தேன்.

"நேர எறியடா! இஞ்சை காத்தில்லை!"

எறிந்தான். விழுந்தது. அதற்குப் பிறகு விழுந்துகொண்டே இருந்தது.

இரண்டு புள்ளியால் தோற்றோம். தொடக்கத்திலேயே என்னை விட்டிருந்தால் —

ஓகஸ்ட் 12

கொழும்புக் கழகம் அழைத்தது. நான்தான் வேண்டுமாம். ஆனால் புள்ளி போட இல்லையாம். எங்கள் பக்கம் எறிகிறவனைத் துரத்துகிற எதிரணிக்காரனுக்கு முன்னால் மறித்து நிற்க வேண்டுமாம்; தவறியதை எடுத்து வெளியே கொடுக்க வேண்டுமாம்.

மதிலா நான்? பதினோரு வருடம் பழகிய அந்தத் திரும்பல் எங்கே போவது? மாட்டுக் கொட்டில் தகரத்தில் குத்தினேன். கை வீங்கிவிட்டது.

ஓகஸ்ட் 13

ஓம் என்று சொல்லிவிட்டேன்.

ஒக்டோபர் 4, சனி. கொழும்பு

கழகத்துக்கு இன்று என் முதல் ஆட்டம். பாதிக்கு மேல் மறித்து நின்று இடி வாங்கியதுதான் மிச்சம். ஒவ்வொரு இடிக்கும் மனதுக்குள் ஜனகன் சேரைத் திட்டினேன்.

கடைசிக் கட்டத்தில் வளையத்துக்குக் கீழே பந்து என் கைக்கு வந்தது. முதுகு வளையத்துக்கு. இடத்தோள் தன்பாட்டில் திரும்பியது. உடனே எதிரணியில் இரண்டு பேர் என்மேல் பாய்ந்தார்கள். மூலையில் எங்கள் பெடியன் ஒருவன் மறிக்க ஆளில்லாமல் தனியே நின்றான், யூனில் சேர் என்னை நிறுத்திய அதே மூலையில். அவனுக்குக் கொடுத்தேன். விழுந்தது. கழகப் பயிற்சியாளர் எழும்பி நின்று, "யோகாவுக்கே குடுங்கோ!" என்று கத்தினார். பிறகு ஒவ்வொரு பந்தும் முதலில் என்னிடம் வந்தது. ஒவ்வொரு தடவையும் தோளைத் திருப்பினேன், அவர்கள் பாய்ந்தார்கள், வெளியே கொடுத்தேன். வென்றோம்.

நிரோஜா அழைத்தாள்.

"எத்தினை போட்டனீங்கள்?"

"ஒண்டும் போடேல்லை."

"பிறகேனப்பா சிரிக்கிறியள்?"